பை என்ற சொல்லில் மிச்சம் இருந்தவர்

"அக்கா, ஆபரேஷனுக்கு நான் வரல. வீட்டைப் பூட்ட முடியாது" என்றாள் சின்னவள் போனில்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கோப்பையை நங்கென்று வைத்தேன், பாதி டீ மேஜையில் கொட்டியது. அவளுக்குக் கக்கத்தில் கட்டி. டாக்டரம்மா படம் எடுத்து, ஊசி குத்திப் பார்த்து, "இப்ப எடுத்துட்டா பொழைச்சுக்கலாம், தள்ளிப் போட்டா அப்புறம் என் கையில இல்ல" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை காலை என்று நாள் குறித்தாகிவிட்டது. இவள் என்னடாவென்றால் வீட்டைப் பூட்ட முடியாதாம்.

"ஏன்டி, பூட்டு தொலைஞ்சு போச்சா?"

"பூட்டினா அவர் எப்படிக்கா உள்ள வருவார்?"

அவர் என்றால் அவள் புருஷன். எனக்கு மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். போன மழைக்காலத்தில் எங்கோ ஒரு உயரமான கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில், கையில் பிடித்த ஸ்பேனரோடு மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். போனவர் வருவாராம், அதற்குக் கதவு திறந்திருக்க வேண்டுமாம், அதற்காக இவள் கட்டியை வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளாம். துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. நான் ரேடியோவில் வாயை விற்றுப் பிழைப்பவள். காலை நிகழ்ச்சியில் தினம் ஒரு இங்கிலீஷ் சொல்லை எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, யார் வாயில் வளர்ந்தது, எந்தச் சகவாசத்தில் கெட்டுப்போனது என்று கொஞ்ச நேரம் கதையளப்பேன். கேட்கிறவர்களுக்கு நான் 'சொல்லக்கா'. பேசிச் சரிக்கட்ட முடியாத ஆள் உலகத்தில் இல்லை என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் சின்னவள் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

நாலாவது மாடி. கதவு வெறுமனே சாத்தியிருந்தது. தள்ளினேன், திறந்துகொண்டது. உள்ளே சின்னவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒரு மூக்குக் கண்ணாடியின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் ஃபிரேம் பொருத்துகிற வேலை அவளுக்கு. கடைக்குப் போவதை நிறுத்தி, வேலையை வீட்டுக்கே வரவழைத்துக்கொள்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது.

"கதவைத் தாழ் போடாம உக்காந்திருக்கியே, கழுத்தை அறுத்துட்டுப் போனாலும் கேக்க நாதி இல்ல."

"தாழ் போடறதே இல்லக்கா. ராத்திரியும்."

"ஏன்?"

அவள் திருகாணியை ஒரு மூடியில் பத்திரமாக வைத்துவிட்டுச் சொன்னாள். "தினமும் காலையில அவர் வேலைக்குப் போறார்."

"செத்தவங்க வருவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். வேலைக்குப் போவாங்கன்னு இப்பத்தான் கேக்கறேன். சம்பளம் ஒழுங்கா வருதா?"

அவள் சிரித்துவிட்டாள். என் தங்கை அப்படித்தான், அழ வேண்டிய இடத்தில் சிரித்துத் தொலைப்பாள். "வர்றதை நான் பார்த்ததில்லக்கா. போறதுதான் கேக்குது. ஆனா நீயே யோசிச்சுப் பாரு. சாயங்காலம் வந்தாத்தானே மறுநாள் காலையில போக முடியும்? வர்ற நேரத்துல நான் இல்லன்னா? பூட்டின கதவைப் பார்த்துட்டு அவர் எங்க போவார்?"

கணக்கில் தப்பே இல்லை. அதுதான் என்னைக் கலக்கியது. பைத்தியம் பிடித்தவள் இப்படி நிதானமாகக் கணக்குப் போட மாட்டாள். அன்றைக்கு நான் எவ்வளவோ பேசினேன், திட்டினேன், கெஞ்சினேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

மறுநாள் காலையில் நான் கண் விழித்தபோது வெயில் கூடத்துக்குள் வந்திருந்தது. சின்னவள் முகம் கழுவி, தலை வாரி, வாசலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். விரலை உதட்டில் வைத்து என்னைப் பேசாதே என்றாள்.

குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு மூடும் சத்தம். அந்தக் கதவு எனக்கு நேரே திறந்து கிடந்தது, குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்து, ஷூவுக்குள் பாதம் இறங்குகிற சத்தம், முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. வாசல் பக்கத்து ஆணியில் அவருடைய சாவிக்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அது அசையவில்லை, ஆனால் அதைக் கையில் எடுக்கிற கலகல சத்தம் என் காதில் விழுகிறது. கிரீஸ் வாசனை குப்பென்று வந்தது. பிறகு கதவுக்குப் பக்கத்தில், தொண்டையைக் கொஞ்சம் கனைத்துக்கொண்டு, எனக்கு நன்றாகத் தெரிந்த குரல் சொன்னது.

"போயிட்டு வரேன்."

அப்புறம் நிசப்தம். அந்த நிசப்தத்தில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். பதிலுக்காக நின்றுகொண்டிருந்தார்.

"பாத்துப் போயிட்டு வாங்க" என்றாள் சின்னவள்.

வெளியே லிஃப்ட் விர்ரென்று ஏறி வந்தது. கதவு திறந்தது, மூடியது, இறங்கிப் போனது. ரேடியோவில் மூச்சு விடாமல் பேசுகிற வாய்க்கு 'ஐயோ' என்று சொல்லக்கூட நாக்குப் புரளவில்லை.

"கேட்டியா?" என்றாள் சின்னவள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "தினமும் இந்த ஒரு வார்த்தைதான். வேற எது கேட்டாலும் பதில் இல்ல."

என் புத்திக்கு வேறு எதுவும் தெரியாது, சொல்லைப் பிடித்து உலுக்கத்தான் தெரியும். அதனால் தைரியம் திரும்பியதும் அதைத்தான் செய்தேன். நம் ஆட்களில் எவனாவது வாசல் தாண்டும்போது 'போறேன்' என்று சொல்வானா? சொன்னால் விடுவோமா? 'போறேன்னு சொல்லாதே, போயிட்டு வரேன்னு சொல்லு' என்று பிடித்து நிறுத்தித் திருத்துவோம். முச்சந்திக் கடைக்குப் போகிறவனும் அதைத்தான் சொல்கிறான், கடல் தாண்டிப் போகிறவனும் அதைத்தான் சொல்கிறான். சண்டை போட்டுக்கொண்டு ஜென்மத்துக்கும் முகத்தில் முழிக்க மாட்டேன் என்று கிளம்புகிறவன்கூட வாய் தவறி 'வரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவான். மற்றவர்களுக்கு அது வெறும் மரியாதை. மாப்பிள்ளைக்கு அப்படி இல்லை. லிஃப்டில் யாராவது மாட்டிக்கொண்டு கூப்பிட்டால், 'வரேன்' என்று ஒரு தடவை சொல்வார், கொட்டுகிற மழையிலும் போய் நிற்பார். வாக்குத் தவறாத மனுஷன்.

அந்த மனுஷன் கடைசியாகச் சொன்ன வாக்கைக் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வரத்தான் பார்த்தோம். ஆளைப் படுக்க வைத்து ஏற்ற அந்த லிஃப்டில் இடம் போதவில்லை, படிக்கட்டோ ஒடுக்கமான வளைவு. லிஃப்டோடு வாழ்ந்தவரை லிஃப்டே மேலே ஏற்ற மாட்டேன் என்றது. சின்னவளைக் கீழே அழைத்து வந்து முகத்தைக் காட்டிவிட்டு அப்படியே கொண்டுபோய்விட்டோம். சொன்னபடி அவர் நாலாவது மாடிக்கு வரவே இல்லை.

"அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு நிக்கிறார்டி" என்றேன். "நீயும் பதிலுக்குப் போயிட்டு வாங்க, போயிட்டு வாங்கன்னு தினமும் முடிச்சுப் போட்டுக்கிட்டே இருக்கே. அவருக்கும் விடுதலை இல்ல, உனக்கும் இல்ல. ஒரே ஒரு நாள் 'போங்க'ன்னு மட்டும் சொல்லிப் பாரு."

அவளுக்கு வந்ததே கோபம். "வாசல்ல நிக்கிற புருஷனை நாயை விரட்டற மாதிரி போங்கன்னு சொல்லச் சொல்றியா? அவரு இருந்த காலத்துல சண்டையில கூட நான் அந்த வார்த்தை சொன்னதில்லை. உனக்கு நாக்குல எலும்பே இல்லக்கா."

நான் விடவில்லை. நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. தமிழில் தேடினேன். போகிறவரை அனுப்பி வைக்க, திரும்பி வரச் சொல்லாமலும் விரட்டாமலும் ஒரு சொல் நம்மிடம் இல்லை. அப்போதுதான் என் புத்திசாலித்தனம் தலைதூக்கியது. என் பிழைப்பே இங்கிலீஷ் சொல்தானே?

"'பை'ன்னு சொல்லிடு" என்றேன்.

"எந்தப் பை? துணிப்பையா?"

"டாட்டா காட்டறப்ப சொல்றோமே, அந்தப் பை. அதுல போறதும் இல்ல, வர்றதும் இல்ல. ஆனா கெட்ட வார்த்தையும் இல்ல. ரொம்ப நல்ல வார்த்தை, நானே ரேடியோவுல பேசியிருக்கேன். அந்தக் காலத்துல இங்கிலீஷ்காரன் பிரியும்போது 'காட் பி வித் யீ'ன்னு முழுசாச் சொல்லுவான். கடவுள் உன்கூட இருக்கட்டும்னு அர்த்தம். சொல்லிச் சொல்லி வாய்க்குள்ளயே தேஞ்சு 'காட்பை' ஆச்சு. குட் மார்னிங், குட் நைட் எல்லாம் வரிசையா நிக்குதே, அதைப் பார்த்து இதுவும் 'குட்பை' ஆயிடுச்சு. அப்புறம் சோம்பேறிப் பயலுங்க குட்டையும் வெட்டிட்டு வெறும் 'பை'ன்னுட்டாங்க."

சின்னவள் கையிலிருந்த கண்ணாடியை மேஜையில் வைத்தாள். "கடவுள் கூட இருக்கட்டும்... நல்லாத்தான் இருக்கு. அவருக்கு நான் கெடுதல் சொன்ன மாதிரி ஆகாதே?"

"ஆகவே ஆகாது."

"சரி. உனக்காகச் சொல்றேன். அவர் போயிட்டார்னா வெள்ளிக்கிழமை உன்கூட வரேன்."

வியாழக்கிழமை காலையில் அதே குழாய், அதே ஷூ, அதே சாவி. "போயிட்டு வரேன்" என்றது குரல். சின்னவள் எழுந்து நின்றாள். கல்யாணமான புதிதில் ஜன்னலில் நின்று கையாட்டுவாளே, அதே மாதிரி கையைத் தூக்கினாள்.

"பை" என்றாள்.

லிஃப்ட் வரவில்லை. நாங்கள் இரண்டு பேரும் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு சாவி ஆணியில் மாட்டப்படும் சத்தம் கேட்டது. ஷூ ஒன்று கழன்று தரையில் விழுந்தது. இரண்டாவது கழன்றது. கிரீஸ் வாசனை என்னைத் தாண்டிக் கூடத்துக்குள் போனது, சாப்பாட்டு மேஜையில் அவருடைய நாற்காலி முனகியது.

"அக்கா," என்றாள் சின்னவள், மூச்சே இல்லாமல். "அவர் போகல. உள்ள வந்துட்டார்."

அந்தப் பகல் மாதிரி ஒரு பகலை நான் என் விரோதிக்கும் விரும்ப மாட்டேன். வெளியே பளிச்சென்று வெயில், தெருவில் ஹாரன் சத்தம், கீழ் வீட்டில் மிக்ஸி ஓடுகிறது, எங்கள் கூடத்தில் செத்தவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். நான் எழுந்து நடந்தால் வழியில் அவர் கால் நீட்டியிருப்பாரோ என்று சுவரை ஒட்டி நடந்தேன். சின்னவளுக்கோ தலைகால் புரியவில்லை. நெடுநாளைக்குப் பிறகு அடுப்பில் ஒழுங்காகச் சமைத்தாள், அவருக்கும் தட்டு வைத்தாள், தொணதொணவென்று பேசினாள். கடை முதலாளி ஆறு மாசமாகக் கண்ணாடி துடைக்கிற துணி வாங்கித் தரவில்லை என்பதை எல்லாம் அவரிடம் புகார் சொன்னாள். நடுநடுவே வலிக்கிற கக்கத்தை மறு கையால் அழுத்திக்கொண்டாள்.

லிஃப்ட் மட்டும் சும்மா இருக்கவில்லை. கொஞ்ச நேரத்துக்கு ஒரு தடவை நாலாவது மாடிக்கு வந்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். யாரையோ கூப்பிட வந்த மாதிரி. பிறகு மூடிக்கொண்டு இறங்கும். எதிர்வீட்டுக்காரர் வந்து காலிங் பெல் அடித்தார்.

"லிஃப்ட் நம்ம மாடியிலயே வந்து வந்து நிக்குதுங்க. மெக்கானிக்கைக் கூப்பிடணும்..." சொல்லும்போதே யார் வீட்டு வாசலில் அதைச் சொல்கிறோம் என்று உறைத்து, பாவம், நாக்கைக் கடித்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து சின்னவள் சிரித்துக்கொண்டே கூவினாள். "மெக்கானிக் வீட்லதாங்க இருக்கார்!"

அந்த மனுஷர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு போய்த் தன் வீட்டுக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டார்.

"நாளைக்கு ஆபரேஷன்" என்றேன் நான், சாயங்காலம்.

"எதுக்குக்கா? அவர் வீட்ல இருக்கும்போது நான் எங்க போறது?" கையை நீட்டி, காலியான நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொடுத்தாள். "அவர் எப்ப போறாரோ அப்ப நானும் சேர்ந்து போயிடறேன். அப்போ வீட்டைப் பூட்டினாலும் ஒண்ணும் இல்ல பாரு."

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்களே, அது என் கதைதான். எங்கே தப்பு என்று புரியவே இல்லை. நல்ல சொல்தானே கொடுத்தேன்? கடவுள் உன்கூட இருக்கட்டும். காட், பி, வித், யீ.

அழுகை நின்றுவிட்டது. குட்பையில் கடவுள் எங்கே இருந்தார்? 'குட்' இருக்கிற இடத்தில்தான் இருந்தார். அந்தக் குட்டைத்தான் வெட்டியெறிந்துவிட்டார்களே! கடவுளைக் கழித்துவிட்டால் அந்தச் சொல்லில் மிச்சம் என்ன? 'பி வித் யீ' மட்டும்தான் மிச்சம். கூட இரு. எத்தனையோ காலை நேரங்களில் ரேடியோவில் வாய் கிழியப் பேசியவளுக்கு இது உறைக்கவில்லை. வாசலில் பதிலுக்காக நின்ற மனுஷனிடம் என் தங்கை 'கூட இருங்க' என்று சொல்லியிருக்கிறாள். சொன்ன சொல் தட்டாதவர் கேட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே என் வாயால் இன்னொருத்தி கெட்டாள்.

போகிறவர் பெறுவதற்குத் தமிழில் 'விடை' என்று பெயர். கேள்விக்குப் பதிலும் விடைதான். விடு என்பதிலிருந்து வந்தது. வீட்டில் இருக்கிறவள் வாய் திறந்து விட்டால்தான் அவர் போக முடியும். அவள் விடப்போவதில்லை. அப்படியானால் யார் விடுவது? அன்று ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். ஆஸ்பத்திரிப் பை என் தலைமாட்டிலேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குழாய்ச் சத்தம் கேட்டது. ஷூச் சத்தம் கேட்டது. ஆனால் இந்தத் தடவை இரண்டு பேர் ஷூ மாட்டுகிற சத்தம். நான் எழுந்து ஓடிப் போய்ப் பார்த்தேன். சின்னவள் கதவுக்குப் பக்கத்தில் குனிந்து தன்னுடைய ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, ஆஸ்பத்திரிக்குத்தான் கிளம்புகிறாள் என்று நினைத்துவிட்டேன்.

"இரு, பையை எடுத்துட்டு வரேன்" என்றேன்.

"பை வேண்டாம்க்கா" என்றாள், என்னைப் பார்க்காமலே.

சாவி கலகலத்தது. வாசல் கதவை அவள்தான் திறந்தாள். நடைக்கு அப்பால் லிஃப்டின் கதவு ஏற்கெனவே திறந்து கிடந்தது. உள்ளே விளக்கு எரியவில்லை. பெட்டி வந்து நின்றிருந்ததா, வெறும் குழிதான் வாயைப் பிளந்துகொண்டிருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது.

"போயிட்டு வரேன்" என்றது குரல்.

"இருங்க," என்றாள் சின்னவள். "நானும் வரேன்."

அவள் ஒரு காலைத் தூக்கி நிலைப்படியைத் தாண்டி வைத்துவிட்டாள். நான் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த வேகத்தில் இரண்டு பேரும் கதவில் மோதிக்கொண்டோம். அவள் திமிறினாள், அந்த மெலிந்த உடம்பில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கிரீஸ் வாசனை என் முகத்துக்கு நேரே இருந்தது. சாப்பிட்டுப் போங்க, மழை விட்டதும் போங்க, மெதுவாப் போங்க என்று மட்டுமே அந்த மனுஷரிடம் பேசிப் பழகிய வாய் இது.

"போங்க மாப்பிள்ளை!" என்று கத்தினேன். "போங்க! நீங்க செத்துட்டீங்க. வரவேண்டியது இல்ல. யாரும் உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க. அவளை விட்டுட்டுப் போங்க. வராதீங்க. இனி இந்த வாசலுக்கு வராதீங்க!"

அக்கம்பக்கம் எல்லாம் கேட்டிருக்கும். எனக்கு வெட்கமில்லை, பயமும் இல்லை. அழுகை மட்டும் பொத்துக்கொண்டு வந்தது. என்ன நல்ல மனுஷன் அவர். எனக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பவர். அவரைப் போய் வாசலில் நிறுத்தி விரட்டினேன்.

அடுத்து, சாவிக்கொத்து ஆணியில் மாட்டப்படும் சத்தம் கேட்டது. மெதுவாக, விழாமல், பார்த்து மாட்டுகிற மாதிரி. கனமான காலடி எங்களைத் தாண்டிப் போனது. லிஃப்டின் பக்கம் போகவில்லை. படியில் இறங்கியது. ஒரு மாடி ஏறவும் லிஃப்டைத் தேடுகிற மனுஷன் நாலு மாடியும் படியாகவே இறங்கிப் போனார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. லிஃப்டின் கதவு தானாக மூடிக்கொண்டது.

சின்னவள் தன் மணிக்கட்டை என் பிடியிலிருந்து விடுவித்துக்கொண்டாள். என் விரல் பதிந்த இடம் சிவந்திருந்தது. அழுவாள், அடிப்பாள் என்று நின்றேன்.

"பை எங்கே?" என்றாள்.

நானே எடுத்துக் கொடுத்தேன். அவள் கதவைச் சாத்தி, பூட்டு போட்டுப் பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள். படியிலேயே இறங்கினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று கீழே காது கொடுத்துக் கேட்டாள். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகு அடுத்த படியில் கால் வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முழுசாக எடுத்துவிட்டோம் என்றாள் டாக்டரம்மா. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு, சின்னவளை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். காயத்துக்குக் கட்டுப் போட்டு, பத்தியம் பார்த்து, தலைக்கு ஊற்றி, எல்லாம் நான்தான். அவளும் பேசினாள், சிரித்தாள், என் ரேடியோப் பேச்சைக் கிண்டல் செய்தாள். அந்த வெள்ளிக்கிழமையை மட்டும் வாயால் தொடவே இல்லை. நானும் தொடவில்லை. கன்னத்தில் சதை பிடித்துவிட்டது, கழுத்தெலும்பு உள்ளே போய்விட்டது, எனக்கு அது போதும் என்று இருந்தேன்.

இன்று காலையில் அவள் மறுபடியும் கண்ணாடிக் கடைக்குக் கிளம்பினாள். சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் கொடுத்தேன். ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"போறேன்க்கா" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னடி பேச்சு இது, ஆபரேஷன் பண்ணின உடம்போட? போயிட்டு வரேன்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்டி? என் மேல இன்னும் கோபமா?"

"கோபம் இல்லக்கா." குரலில் கோபம் இல்லைதான். அதுதான் தாங்க முடியவில்லை. "சொன்னா வந்தாகணும். எனக்கு நாளைக்கு வழியில ஏதாவது ஆச்சுன்னு வை, சொன்ன சொல்லுக்காக நான் உன் வாசல்ல வந்து நிப்பேன். நீ என்னையும் அப்படித்தான் விரட்டுவே. நீ விரட்டி நான் பார்த்திருக்கேன். அது எனக்கு வேண்டாம்."

அவள் என் தோளை லேசாகத் தட்டிவிட்டுப் படியில் இறங்கினாள். ஒரு மாடி இறங்கியிருப்பாள், அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

"நீ வந்தா நான் விரட்ட மாட்டேன்டி! எப்படி வந்தாலும் விரட்ட மாட்டேன்!"

கீழே தெருக்கதவு சாத்திக்கொள்ளும் சத்தம் கேட்டது. அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. சாயங்காலம் வரட்டும், கேட்கிறேன்.